விழுந்த எழுத்து

பிப்ரவரி. க்ளீவ்லாந்து.
ஏரி உறைந்து நசுங்கிய தகரம்போல் கிடந்த வாரம்
பெட்டிகள் வந்து இறங்கின.
பத்துப் பெட்டி, பெட்டிக்கு ஐம்பது இசைத்தட்டு.

மெர்வின்தான் முதல் பெட்டியைக் கத்தியால் கீறினான்.
அவன் கம்பெனிக்கு அவனே முதலாளி, அவனே கூலி.
அவன் ஸ்டூடியோ போன வருஷம்வரை சலவைக்கடை;
மழை பெய்தால் சுவரிலிருந்து
இன்னும் பெட்ரோல் வாடை கசியும்.

உறையில் அவள் முகம்.
நாற்பத்தாறு வயது, ஒன்றைக்கூட ஒளிக்காமல்.
மேலே கொட்டை எழுத்தில்:
ஆர்டெலா ஸ்ட்ரவுட்.

ஆர்டீலியா, என்றேன் நான்.
மெர்வின் பேசவில்லை.
அடுத்த பெட்டி. ஆர்டெலா.
பத்தாவதையும் பிரித்துப் பார்த்தான்,
அதிலாவது யாருக்காவது
மனம் மாறியிருக்கும் என்பதுபோல.

அச்சகத்தில் எவனோ விழுங்கிவிட்ட எழுத்து
எங்கள் மொழியில் ஒற்றைக் கோடு.
தனியே நிறுத்தினால்
‘நான்’ என்று பொருள்.

திரும்ப அச்சடிக்கப் பணமா?
பேஸ் கிடார் வாசிக்கிறவனிடம் கேட்கிறீர்கள்.
பகலில் நான் டயர் மாற்றுகிறவன்.

ஆஸ்பத்திரி சலவையறையிலிருந்து நேராக வந்தாள்,
கையெல்லாம் குளோரின்.
உறையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம்.
“நல்லாத்தான் இருக்கா,” என்றாள்,
“யார் இவ?”

அன்றிரவு அவள் சமையலறை மேசையில்
இரண்டு கறுப்புப் பேனா, ஒரு பானை காப்பி.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே
மயிரிழை இடத்தில்
ஒவ்வொரு உறையிலும் ஒரு கோடு.
என் கோடுகள் சாய்ந்தன.
அவளுடையவை நிமிர்ந்து நின்றன,
பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் மாதிரி.

நடுநிசி தாண்டி
எதையோ நினைத்துச் சிரித்தாள்.
‘மூன்றாம் ஷிப்ட்’ பாட்டில்
முதல் சொல்லுக்கு முன் அவள் இழுத்த மூச்சை
வெட்டி எறிய மெர்வின் மன்றாடிய நாள்.
சத்தமாக இருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது,
படியேறி வந்தவள் மாதிரி இருக்கிறது என்றான்.
படியேறித்தான் வந்தேன், என்றாள் அவள்.
லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்தில்
ஆறு மாடி, பதினெட்டு வருஷம்.
மூச்சு தங்கிவிட்டது.

இருநூற்றுப் பதிமூன்றாவது உறையில்
பேனாவை மூடினாள்.
“போதும் லோன்சோ.”
இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதே?
“கல்யாணத்துல ஒரு பேரு, அது முறிஞ்சப்ப ஒரு பேரு.
சட்டையில குத்தின அட்டையில
முதலெழுத்தும் ஒரு புள்ளியும்தான்.
இவ ஒருத்தி கூட வந்தா
இடமா இல்ல?
பாடட்டும் விடு.”

சனிக்கிழமை. ரெக்கார்டு கடை.
பனியில் பதினேழு பேர் வந்தார்கள்.
அதில் நான்கு பேர் சலவையறைப் பெண்கள்,
சீருடையோடு, ஷூவில் உப்புக் கறையோடு.
பார்வை மங்கிய பியானோக்காரர் ஒருவர்
உறையை விரலால் தடவிவிட்டு
கோடு போடாதது ஒன்று வேண்டும் என்றார்.
ஏன் என்று அவரும் சொல்லவில்லை,
விற்றவனும் கேட்கவில்லை.

முள் இறங்கியது.
கரகரப்பு. பிறகு அந்த மூச்சு.
கடை முழுக்கத் தோள்கள் ஒருமுறை உயர்ந்தன,
எல்லோரும் சேர்ந்து பாடப்போவதுபோல.

அவள் மட்டும் உள்ளே இல்லை.
கண்ணாடிக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தில்,
காதுவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
இரண்டு மணி ஷிப்டுக்கு நின்றாள்.
நான் கதவைத் திறந்து பிடித்தேன்.
பாட்டு தெருவுக்கு வந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பையன், தபால்காரன் என்று நினைக்கிறேன்,
யார் பாடுறது, என்று கேட்டான்.
அவள் கொஞ்ச நேரம் கேட்டாள்.
உண்மையாகவே கேட்டாள், தலையைச் சாய்த்து,
இரண்டாம் அடி முடியும்வரை.

“எனக்குத் தெரிஞ்ச பொண்ணு,” என்றாள்.
பஸ் வந்தது.